பாதி மிட்டாய்

அன்று காலை அந்தச் சமையலறையில் இருந்தவர்கள்: டெல்ஃபினா, மிட்டாய் சாப்பிடப் போகிறவள். அவள் அண்ணன் ஈலாய், இதயத்துக்கு மாத்திரை போடுகிறவன், அதனால் இதைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காவலுக்கு வந்த நான், வெர்ன். மேசைக்கு அடியில் ஒரு கிழட்டு நாய். அதற்கு எட்டாத உயரத்தில், அலமாரிமேல், கஞ்சா மிட்டாய் டப்பா.

டெல்ஃபினா ஊருக்கு வெளியே உறையவைத்த உணவுக் கிடங்கில் இரவுமுறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். நானும் ஓட்டினேன். பகலில் தூக்கம் வராமல் போனதும் வசந்தத்தில் விட்டுவிட்டேன். ஆள் குறைந்தால் அவசரத்துக்குக் கூப்பிடும் பட்டியலிலிருந்து என் பெயரை யாரும் அடிக்கவில்லை, நானும் அடிக்கச் சொல்லவில்லை. அவளுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, அவளால் விட முடியாது. பகலெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்து, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அசந்து போய், இரண்டு முறை வேலைக்குப் போகாமல் விட்டிருந்தாள். இரண்டு கறுப்புப் புள்ளி. மூன்றாவது விழுந்தால் வேலை போகும்.

அதனால்தான் விடுமுறை நாளாகப் பார்த்து, தூக்கம் வர மிட்டாய். அதை விற்ற கடைக்காரப் பெண் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தோம். முதல் தடவை பாதிதான். வெறும் வயிற்றில் வேண்டாம். பீர் கூடாது. ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்று எடுக்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மறுநாள் வரை வண்டியைத் தொடக் கூடாது. டெல்ஃபினா பச்சைமிளகாய்க் குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டாள். பிறகு கார் சாவியை என் கையில் வைத்தாள். நான் என்ன கேட்டாலும் குடுக்காதே, என்றாள். சரி என்றேன்.

நான் கத்தியால் மிட்டாயை நறுக்குவதை ஈலாய் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதியா? இதெல்லாம் இந்த நாய்க்கே பத்தாதுடா."

"நாய்க்குக் குடுத்தா செத்துடும். உனக்குக் குடுத்தாலும்தான்," என்றாள் டெல்ஃபினா. வாயில் போட்டு மென்றாள். இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்றாள்.

முதலில் ஒன்றும் இல்லை. ஈலாய் தன் முழங்காலைப் பற்றிப் பேசினான், பிறகு அடுத்த முழங்காலைப் பற்றி. டெல்ஃபினா குழாய் சொட்டுவதைக் கவனித்தாள். இந்தக் குழாய் இத்தனை நாளாகச் சொட்டுகிறதா என்று கேட்டாள். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது என்றாள். அது தணியும், இங்கேதான் இருக்கிறோம் என்று தண்ணீர் கொடுத்தேன். தணிந்தது. கொஞ்ச நேரத்தில் சோபாவில் சாய்ந்தாள். வாய் திறந்தபடி தூங்கினாள். ஈலாய் முழங்காலை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. கிடங்கு மேலாளர். மதிய முறைக்கு ஆள் குறைகிறது, உடனே வர வேண்டும், பண்டிகை மாதத்தில் விடுமுறை செல்லாது, வராவிட்டால் புள்ளி. அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். சரி சார் என்றாள். எழுந்து ஒரு காலில் பூட்ஸை மாட்டினாள். அடுத்த பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதற்கு என்பதுபோல் பார்த்தாள்.

"சாவியக் குடு, வெர்ன்."

"மாட்டேன்."

"பாதிதானேடா. எனக்கு ஒண்ணுமே இல்ல." சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் கொண்டுபோய் விட்டாலும் ஆகாது. அங்கே அவள் ஏறப்போவது ஃபோர்க்லிஃப்டில். அந்த இடைவழிகளில் ஆட்கள் நடக்கிறார்கள். இதைச் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை.

"நீ ஓடிப்போனவன். உனக்கு வேலை போறதுன்னா என்னன்னு தெரியாது. போனப்புறம் நிம்மதியா இருக்கே பாரு."

ஈலாய் என்னைப் பார்த்தான். அவன் அதற்குள் தங்கை பக்கம் சாய்ந்திருந்தான்.

"குடுத்துத் தொலைடா. அவ வீடு போயிடும்."

கொடுக்கவில்லை. எனக்கு நிம்மதியெல்லாம் இல்லை, அதை இவர்களிடம் விளக்கவும் தெம்பு இல்லை. அவள் போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டேன். அவளுக்கு முடியவில்லை, பதிலுக்கு வேறு ஆள் வந்தால் புள்ளி விழுமா என்று கேட்டேன். உரிமம் உள்ள ஆள் வந்தால் விழாது, யார் வருவது என்றார். நான்தான் என்றேன். சிரித்தார். உன் குளிர்க்கோட்டு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது என்றார். ஆள் நிலைக்கவில்லை, உன் பெயரை வேலைப் பட்டியலில் நிரந்தரமாகவே போட்டுக்கொள்கிறேன், இன்று முதல், என்றும் சொன்னார். அது கேள்வி இல்லை. போனை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது டெல்ஃபினா உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள், ஒரு பூட்ஸ் காலில், ஒரு பூட்ஸ் மடியில். தனியாக விடாதே, அவளாக விழிக்கும் வரை எழுப்பாதே, கேட்டாலும் இன்னொரு துண்டு கொடுக்காதே என்று ஈலாயிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவள் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டுதான் போனேன்.

கிடங்கில் கோட்டு அதே ஆணியில் இருந்தது. பையில் என் பழைய கையுறை, விறைத்துப்போய். மேலாளர் உறைஅறைக் கதவைத் திறந்து பிடித்தார். குளிர் பற்களில் ஏறியது. உள்ளே போனேன். கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொண்டு, வழக்கம்போல் தானே பூட்டிக்கொண்டது.