நிற்காத கன்ட்ரோல்

மருந்தியல் துறையின் இரண்டாம் ஆய்வகத்தில் ஒரு முயலின் இதயம் உடம்பே இல்லாமல் பத்தொன்பது ஆண்டுகள் துடித்ததால், இணைப் பேராசிரியர் ஒருவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்காமல் போயிற்று. சோதனை என்னவோ எளிதானதுதான். இரண்டு இதயங்களைக் கண்ணாடிக் குழாய்களின் நுனியில் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான உப்புக் கரைசலை ஓடவிட்டார். ஒன்றுக்கு அவர் கண்டுபிடித்த மருந்தும் உண்டு. மற்றது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கன்ட்ரோல், அதற்கு வெறும் கரைசல்தான். வெறும் கரைசலில் இதயம் ஆறு மணி நேரம் தாங்கினால் அதிகம். மருந்து குடித்தது ஒன்பது மணி நேரம் துடித்து நின்றது. கன்ட்ரோலும் நின்றால் கட்டுரை எழுதிவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது நிற்கவில்லை.

கன்ட்ரோல் நிற்காமல் சோதனை முடியாது, சோதனை முடியாமல் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாமல் பதவி உயர்வு இல்லை. புது முயல் கேட்டால், பழையது நன்றாக ஓடும்போது புதியது எதற்கு என்று விலங்கு நெறிக்குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது. பதினோராம் ஆண்டில் பொறுக்கமாட்டாமல் அரைகுறைக் கட்டுரையை அனுப்பினார். அவருடைய மருந்து இதயத்தின் ஆயுளைப் பதினோரு ஆண்டிலிருந்து ஒன்பது மணி நேரமாகக் குறைக்கிறது என்று ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. அவரிடம் பாடம் கேட்டவர்கள் பேராசிரியர்களாகி, அவருடைய நேர்காணல் குழுவிலேயே உட்கார்ந்து, "கன்ட்ரோல் இன்னும் ஓடுதா சார்?" என்று விசாரித்தார்கள்.

"பொட்டாசியம் கொஞ்சம் விட்டா நின்னுடும்னு நீங்கதானே கிளாஸ்ல சொல்றீங்க? விட்டுத் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"கன்ட்ரோலுக்கு எதுவும் கொடுக்கக் கூடாதும்மா."

"அதுக்கு நீங்க ஒண்ணும் கொடுக்கல, சரி. அது உங்களுக்கு என்ன கொடுத்துச்சு?"

அவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், யாரும் தொடாமல் அது தானாகவே நின்றது. மணி மூன்று நாற்பது. பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், கட்டுரை, பதவி எல்லாம் வந்து சேரும். பேனா மூடியைக் கழற்றிய பிறகுதான் தன் இடது கையின் இரண்டு விரல்கள் இதயத்தை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "அடச்சீ, மடையா" என்று தன்னையே திட்டினார். விரல்கள் நிற்கவில்லை. ஒன்பதாவது அழுத்தலில் அது பழையபடி ஓட ஆரம்பித்தது.

கையால் அழுத்தப்பட்டது என்று பதிவேட்டில் உண்மையையே எழுதினார். அதோடு சோதனை செல்லாததாயிற்று. திங்கட்கிழமை கரைசலை மாற்றிவிட்டு வகுப்புக்குப் போனார்.