வாலு அண்ணன் நடத்திய கோர்ட்டு

அம்மா, முதலில் அழுகையை நிறுத்து. என்னை யாரும் கைது செய்யவில்லை. பெரிய மாமா தனக்குத் தெரிந்த வக்கீலுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறாராமே, அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல். அக்கா, நீ அந்தப் போட்டோவை யார் யாருக்கு அனுப்பினாயோ, அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்பிவிடு. கடையில் வேலையாக இருக்கிறேன், கை ஒழியவில்லை. அதனால் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

போட்டோவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலி மேல் நிற்பது நான்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரே கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு முறைக்கிறாரே, அவர் நீதிபதி இல்லை. டயர் கடைக்காரர். அவருக்கு இரண்டு பக்கமும் சாதாரண உடையில் இருப்பவர்கள்தான் நிஜ நீதிபதிகள். நடந்ததை நடந்தபடி, அவர்கள் பேசியதையெல்லாம் நம் தமிழில் மாற்றிச் சொல்கிறேன்.

என் முதலாளி கண்ணாடிக் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் இந்த ஊர் சேவா சங்கத்துக்கும் தலைவர். ரத்த தானம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள். இந்த வாரம் வெளிநாட்டிலிருந்து இரண்டு நீதிபதிகள் வந்திருக்கிறார்கள். இங்கே கோர்ட்டு எப்படி நடக்கிறது என்று அவர்கள் பார்ப்பதும், அங்கே எப்படி என்று இங்குள்ள வக்கீல்கள் கேட்பதும் ஏற்பாடு. அவர்களைத் தங்க வைப்பது, கூட்டிப் போவது, ஒரு மதிய விருந்து கொடுப்பது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு.

விருந்தன்று காலையில் முதலாளி கார் சாவியை என் கையில் வைத்தார்.

"தம்பி, நீ போய் அவங்களைக் கூட்டிட்டு வந்துடு. எனக்கு மண்டபத்துல வேலை தலைக்கு மேல கிடக்கு."

"நானா சார்?"

"பின்ன, மூக்குக்கண்ணாடியா வண்டி ஓட்டும்?"

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும் அம்மா. இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க நான் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. எந்தக் கோர்ட்டிலாவது தண்டனை வாங்கியிருக்கிறாயா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, போலீஸ்காரர் நிற்கும் பக்கம்கூட நான் நடப்பதில்லை. இப்போது பின் சீட்டில் இரண்டு நீதிபதிகளை வைத்துக்கொண்டு ஓட்டு என்றால்?

எதற்கும் இருக்கட்டும் என்று வெகு சீக்கிரமே கிளம்பினேன். அவர்களும் தயாராக வாசலில் நின்றார்கள். ஒருவர் பனைமரம் மாதிரி உயரம். காரில் ஏறியதும் முழங்கால் மோவாயைத் தொட்டது. இன்னொருவர் ஒரு அம்மா, உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நரைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். பாதி வழியில் அவர் முன்னால் குனிந்து கேட்டார்.

"தம்பி, உடம்பு ஏதாச்சும் சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"இல்ல, நீங்க மூச்சு விட்ட மாதிரியே தெரியல. அதான் கேட்டேன்."

சாலையில் கூட்டமே இல்லை. சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். கதவைத் திறந்தால் முதலாளி பனியனோடு ஏணி உச்சியில் நிற்கிறார். வரவேற்புத் துணியை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டிருக்கிறார். நீதிபதி அம்மா கீழிருந்து வணக்கம் சொன்னார். முதலாளி பதில் வணக்கம் சொல்லக் கையை எடுத்தார். துணி கீழே விழுந்தது. அவரும் இறங்கி வந்து அதையே போர்த்திக்கொண்டு சட்டையைத் தேடி ஓடினார். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், சரி, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் வந்து கூட்டம் தொடங்கியது. நீதிபதி அம்மா பேசினார். நான் கடைசி மேசையில் உட்கார்ந்து கேட்டேன். அவர் கோர்ட்டில் யாரைக் கூண்டில் ஏற்றினாலும் முதல் வேலை, அங்கே என்ன நடக்கிறது என்று அந்த ஆளுக்கு விளக்குவதுதானாம். என்ன புரிந்தது என்று அந்த ஆள் வாயாலேயே சொல்ல வைப்பார்களாம். "புரியாம தலையாட்டுற ஆளை நிக்க வெச்சு நடத்துறது வழக்கே இல்ல" என்றார். வக்கீல்கள் எழுதிக்கொண்டார்கள்.

சாப்பாடு பரிமாறத் தொடங்கும்போது டயர் கடைக்காரர் எழுந்தார். சங்கத்தில் அவரை எல்லோரும் வாலு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கிருந்தோ ஒரு கறுப்பு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு நீதிபதிகளுக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"கோர்ட்டு கூடிருச்சு. கண்ணாடிக் கடைத் தம்பி எங்க? குற்றவாளி வந்து இந்த நாற்காலி மேல ஏறட்டும்."

ஒவ்வொரு கூட்டத்திலும் இப்படி ஒருவரைப் பிடித்து, ஒன்றுமில்லாத ஒரு குற்றத்தைச் சாட்டி, பாடச் சொல்லியோ ஆடச் சொல்லியோ தண்டனை கொடுப்பது அவர்கள் வழக்கமாம். அது சங்கத்துக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கூட்டம் போடும்போதெல்லாம் கடையைப் பார்த்துக்கொள்வது நான்தானே.

ஏறினேன் அம்மா. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"குற்றம் என்னன்னா, மாண்புமிகு நீதிபதிகளை அநியாயத்துக்கு முன்கூட்டியே கொண்டுவந்து, சங்கத் தலைவரோட பனியனை உலகத்துக்கே காட்டினது. ஒத்துக்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் விழவே இல்லை. நீதிபதிகள், குற்றம், ஒத்துக்கறியா, இந்த மூன்றும்தான் விழுந்தன. ஒத்துக்கொண்டால் விண்ணப்பம் போச்சு. மறுத்தால் நீதிபதி முன்னால் பொய் சொன்னவன் ஆவேன். யாரோ போட்டோ எடுத்தது அப்போதுதான்.

"ஐயா, ஒத்துக்கறேன்" என்றேன். "ஆனா தயவுசெஞ்சு எழுத்துல எதுவும் போட்டுடாதீங்க. இங்க இருக்கறதுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். தண்டனைன்னு ஒண்ணு வந்துட்டா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. வீட்டுல என்னை நம்பித்தான் இருக்காங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. வாலு அண்ணன் கரண்டியை மேசையில் வைத்தார். முதலாளி பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

நீதிபதி அம்மாதான் எழுந்து வந்தார். என் கையைப் பிடித்து இறக்கி, அதே நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு வாலு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தம்பிக்கு இது விளையாட்டுன்னு யாராச்சும் சொன்னீங்களா?"

"அது... எல்லாருக்கும் தெரியுமேன்னு..."

"இப்பத்தானே இதைப் பத்தி அவ்வளவு நேரம் பேசினேன். எல்லாரும் கையைத் தட்டினீங்க."

வாலு அண்ணன் மெல்ல அங்கியைக் கழற்றத் தொடங்கினார்.

"தம்பி, இது கோர்ட்டு இல்ல, விளையாட்டு" என்றார் நீதிபதி அம்மா என்னிடம். "ஆனா உங்க விண்ணப்பத்தைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். இந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா இவர் முன்னால வந்து சொல்லட்டும்."

சங்கத்தின் செயலாளர் நிஜமான வக்கீல். அந்த அக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பத்து வருஷமா இந்த மாதிரி விண்ணப்பங்களைத்தான் பார்க்கறேன். இதுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இந்த ஆள் தண்டனை கொடுத்தா அது அவர் கடை டயருக்குக்கூடச் செல்லாது. புரியுதா?"

"புரியுது அக்கா."

"தலையாட்டாதீங்க, என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க."

"என் மேல வழக்கு எதுவும் இல்ல. விண்ணப்பத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அதை என் வாயால் சொன்னபோதுதான் அம்மா, இத்தனை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. பதில் எப்போது வரும் என்று அந்த அக்காவுக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு ஒருமுறை வந்து விண்ணப்பக் காகிதங்களையெல்லாம் காட்டு, பணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

முதலாளி வந்து, "டேய், பனியனை நினைச்சு நானே சிரிச்சுக்கிட்டுதான்டா இருந்தேன், உன்னைப் போய் எவன் அனுப்புவான்?" என்றார்.

வாலு அண்ணன் சும்மா இருப்பாரா? தானே போய் நாற்காலி மேல் ஏறினார்.

"நான்தான் குற்றவாளி. தீர்ப்பு சொல்லுங்கம்மா."

"முதல்ல சொல்றேன், இது விளையாட்டு. தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்ப ஒரு பாட்டு முழுசா பாடுங்க."

பாடினார். கழுதைக்குக்கூட ஒரு சுருதி உண்டு. உயரமான நீதிபதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"நான் மேல்முறையீடு செய்யறேன். குற்றம் அவர் செஞ்சது, தண்டனை நமக்கா?"

மண்டபமே குலுங்கியது. நானும் சிரித்தேன். பிறகு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அப்புறம் உயரமானவர் வக்கீல்களோடு போய்விட்டார். நீதிபதி அம்மாவை மட்டும் தங்கும் இடத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். அவர் முன் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். உன்னைப் பற்றிக் கேட்டார், அக்கா பிள்ளையைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. பார்த்தால் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார், லேசாகக் குறட்டை வேறு.

வாசல் வந்துவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை. மர நிழலில் நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். எதிரே ஒரு போலீஸ்காரர் நடந்து வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சத்தம் போடாமல் தாண்டிப் போனார்.