டாக்டரிடம் தாடியஸ் சொன்னது

அன்று எங்கள் ஊர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தவர்கள்: என் தம்பி தாடியஸ் கெய்ன்ஸ், அவன் மனைவி வெர்லீன், மூத்தவள் ஒடெஸாவாகிய நான், ஹென்ஸ்லி என்ற வெள்ளைக்காரர், ஒரு நர்ஸ், ஓர் இளம் டாக்டர். வேறு யாரும் இல்லை.

தாடியஸுக்கு முந்தின நாளிலிருந்து சிறுநீர் பிரியவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. ஆனாலும் தேவாலயத்துக்குப் போடும் கோட்டும் டையும் அணிந்துதான் வந்தான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எங்களைப் போன்ற கறுப்பர் கசங்கிய சட்டையில் போய் வலி என்றால், போதை மருந்துக்கு வந்தவர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் போனதில்லை.

“டையையாவது தளர்த்திக்கோங்களேன்,” என்றாள் வெர்லீன்.

“சும்மா இரு. அக்கா பாக்குறா.”

“வலி எப்படிடா இருக்கு?” என்றேன்.

“உன் சோள ரொட்டிய முழுசா முழுங்கின மாதிரி இருக்குக்கா.”

ஹென்ஸ்லி எங்களுக்குப் பிறகு வந்தவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் வைதார். அவரைத்தான் முதலில் அழைத்தார்கள். திரைக்கு அப்பால் டாக்டர் பேசியது கேட்டது: “புராஸ்டேட் வீங்கி வழிய அடைச்சிருக்கு. குழாய் போட்டா உடனே சரியாயிடும். அப்புறம் ஆபரேஷனுக்கு எழுதித் தர்றேன்.” குழாய் போட்டதும் ஹென்ஸ்லி சிரித்தபடி வெளியே வந்தார்.

“அவருக்கு இருந்ததுதான் டாக்டர் எனக்கும். நேத்துலேருந்து ஒரு சொட்டு போகல,” என்றான் தாடியஸ்.

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“வலி இருக்கற ஆள் மாதிரி தெரியலயே. வெளியில பொம்பளைங்க சகவாசம் உண்டா?”

வெர்லீன் தரையைப் பார்த்தாள். தாடியஸ் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான்.

“கல்யாணம் ஆனதுலேருந்து ஒரே பொம்பளைதான். இதோ நிக்கறா.”

“வயித்தத் தொட்டுப் பாருங்க டாக்டர்,” என்றேன்.

“சத்தம் போடாதீங்கம்மா. காவலாளியக் கூப்பிட வேண்டியிருக்கும்,” என்றாள் நர்ஸ். நான் சத்தம் போடவில்லை.

பால்வினைத் தொற்றுக்கென்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த வாரமே அவனுக்கு நினைவு தப்பியது. அப்போதுதான் குழாய் போட்டார்கள். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. அவனைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பிடும்போது ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. கெய்ன்ஸ் வீட்டு ஆண்களுக்குத் திமிர் அதிகமாம். அந்தரங்க உபாதையை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டே தாடியஸ் செத்தானாம்.

அது பொய். அவன் சொன்னான்.