மூன்றடி உயரத்தில் ஒரு கை

தத்துப்பிள்ளையாக வேறு நாட்டிலிருந்து வந்த அந்த நான்கு வயதுச் சிறுமி விமானத்தைவிட்டு இறங்கியபோது அவளுடைய இடது கையை யாரோ பிடித்திருந்தார்கள். பிடித்திருந்தவர் மட்டும் கூட வரவில்லை. கை காது உயரத்துக்குத் தூக்கியபடியே நின்றது. இறக்கப் பார்த்தால் இறங்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார்: தரையிலிருந்து சரியாக மூன்றடி. மறுநாள் குழந்தை மருத்துவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் விரல்கள் அழுந்திய தடம் இருக்கிறது, பெரிய ஆளின் கை, பெண்ணாக இருக்கலாம் என்று சீட்டில் எழுதி, கீழே சத்து டானிக் ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். தத்துக் கொடுத்த நிறுவனத்தின் காகிதங்களில், பெற்றவள் இறந்துவிட்டாள் என்று மூன்று இடங்களில் முத்திரை குத்தியிருந்தது.

பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்த அம்மா பதினொரு வருடம் பிள்ளைக்காகக் காத்திருந்தவள். ஒரு தூக்கிய கையைப் பார்த்துப் பின்வாங்குகிற ஆள் இல்லை. சட்டைக் கை அந்தப் பிடியைத் தாண்டி நுழையாது என்பதால் இடது தோளிலிருந்து இடுப்புவரை பட்டன் வைத்துத் தானே தைத்தாள். அப்பா மூன்றடி உயரத்தில் கட்டில் செய்தார். பள்ளியில் முதல் வாரம் ஒவ்வொரு ஆசிரியையும் பாடத்தை நிறுத்தி, "என்னம்மா டவுட்டு?" என்று கேட்க, பிள்ளைகள் அவளுக்கு டவுட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போனது. ஒரே தொல்லை, தினமும் மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்கிவிடும். அவளும் பெஞ்சைவிட்டு இறங்கித் தரையில் உட்கார வேண்டும். பூகோள ஆசிரியை உலக வரைபடத்தில் விரல் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அந்த ஊர்ல இது தூங்கப் போற நேரம்ங்க. யாரோ படுக்கறாங்க."

"அவங்கம்மா செத்துட்டாங்கன்னு பேப்பர்லயே இருக்கு டீச்சர்."

"பேப்பர்ல இருக்கு, சரி. செத்தவங்க தினம் படுத்து எந்திரிப்பாங்களா?"

அம்மா வீட்டுக்கு வந்து, கேட்டதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

சிறுமி வளர வளரக் கை தானாகக் கீழே வந்தது. ஏழு வயதில் தோளுக்கு, பத்து வயதில் நெஞ்சுக்கு. அந்தப் பத்தாவது வயதில்தான் அம்மாவின் லேப் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த நாட்டு வக்கீல் ஒருவர் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். பிள்ளையைப் படிக்கத்தான் அனுப்புகிறோம், லீவுக்கு வந்துவிடும் என்று சொல்லிப் பெற்றவளிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள். ஆறு வருடமாக ஒற்றைக் கையால்தான் எல்லா வேலையும் செய்கிறாள். 'நான் இன்னும் கையை விடவில்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்' என்பது கடைசி வரி. அம்மா அதை நான்காக மடித்து, அச்செடுக்கும் மாவு டப்பாவின் அடியில் வைத்து, மேலே மாவைக் கொட்டினாள். அன்று வாய் அளவெடுக்க வந்த கிழவர் ஒருவருக்கு மேல்பல்லுக்குப் பதில் கீழ்ப்பல் செய்துவிட்டாள் என்பதைத் தவிர, அந்த நாளில் வேறு எதுவும் வித்தியாசமாக நடக்கவில்லை.

பதினேழு வயதில் கை இடுப்பளவில் நின்றது. கடிதத்தைப் பற்றி இன்னும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்போதுதான் ஒரு மதியம் இறங்கிய கை, மறுபடி ஏறவில்லை. டவுட்டு ஹாலில் தரையிலேயே படுத்துக்கொண்டாள். பிடித்திருந்த கை அனலாகக் கொதித்தது. மூன்றாம் நாள் அம்மா லேபுக்குப் போய், டப்பாவைக் கவிழ்த்து, மாவு உதிர உதிரக் கடிதத்தைக் கொண்டுவந்து மகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். டவுட்டு அதை இரண்டு தடவை படித்தாள்.

"ஏழு வருஷமா வச்சிருந்தியா?"

"போயிருவியோன்னு பயந்துட்டேன்டி."

டவுட்டு அழவில்லை. கடிதத்தை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணுங்க" என்றாள். அன்றிலிருந்து அம்மாவை 'நீங்க' என்றே பேசினாள். வாசலில் வந்து நின்ற அப்பா, விஷயம் புரிந்ததும், மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அலுவலகத்தில் பதினொரு நாள் ஆகும் என்றார்கள். ஒன்பதாம் நாள் காலை அந்தக் கை ஜில்லிட்டுப்போனது. பிடி மட்டும் தளரவில்லை.

மறுநாள் அது மண்ணுக்குள் இறங்கியது. டைல்ஸ் படீரென்று வெடிக்க, டவுட்டுவின் கை முழங்கைவரை, பிறகு தோள்வரை உள்ளே போனது. கன்னம் தரையில் அழுந்தியது. அப்பா கடப்பாரையால் ஹாலைத் தோண்டினார். அவர் தோண்டத் தோண்ட அவள் இறங்கினாள். ஐந்தடியில் கை நின்றது. குழிக்குள் குத்தவைத்திருந்தவளின் விரல்கள் இரண்டு நாளில் நீலம் பாரித்தன. எட்டிப் பார்த்த மருத்துவர், மணிக்கட்டோடு எடுப்பதைத் தவிர வழியில்லை, சாயங்காலம் ஆட்களோடு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

அம்மா குழிக்குள் இறங்கினாள். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக, மகளைப் பிடித்திருந்த அந்தக் கையைத் தடவிப் பார்த்தாள். காய்த்துப்போன கை. மோதிரவிரலில் நகம் இல்லை.

"அவள விட்டுரு தாயி. மறைச்சவ நான்தான். என்னைப் பிடிச்சுக்க" என்றாள்.

கை ஒவ்வொரு விரலாகத் திறந்தது. பிறகு அம்மாவின் இடது கைமேல் மூடிக்கொண்டது.

டவுட்டு அடுத்த மாதம் விமானம் ஏறினாள். பெற்றவளைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டதாக அப்பாவுக்கு ஒருமுறை போன் வந்தது. எப்போது திரும்புவாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பா குழிக்கு நான்கு படிகள் வெட்டி, சுற்றிலும் கம்பி போட்டு, ஒரு பல்பு மாட்டினார். சாப்பாட்டுத் தட்டை இறக்கி வைப்பார், பேச்சு இல்லை. லேபிலிருந்து பாலிஷ் போட வேண்டிய பற்கள் வாரம் ஒரு டப்பா வரும். அம்மா முழங்காலுக்கு நடுவில் பல்செட்டை இடுக்கி, வலது கையால் தேய்ப்பாள். முதலில் கூட்டமாக வந்து பார்த்தவர்கள், மழைக்காலம் வருவதற்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அவ்வப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பேசுவாள்.

"வலிக்குதாக்கா?"

"மொதல்ல வலிச்சுது" என்றாள் அம்மா, பல்லில் ஒட்டியிருந்த தூசியை ஊதியபடி. "இப்ப பழகிப்போச்சு, ரெண்டு பேருக்கும்."