கையேந்தாத குடும்பம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து வெகு நேரமாகியும் மேவிஸ் வீட்டு மேஜையில் யாரும் கோழி வறுவலைத் தொடவில்லை. மேவிஸ் தன் மகளைப் பார்க்காமல் உப்புக் குப்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"பணத்த நீயே வாங்கினதா ஆபீஸ்ல சொல்லிரு வெர்னா. அதோட முடிஞ்சிரும்."

 எதிரே வெர்னாவின் தம்பி க்ளின்ட், பிரார்த்தனை செய்பவனைப் போலத் தலைகுனிந்து, தட்டிலிருந்த பட்டாணியை உருட்டிக்கொண்டிருந்தான்.

ஒஹையோவின் அந்தச் சிற்றூரில் க்ளின்டின் கணக்குப்படி மனிதர்கள் இரண்டே வகை: உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், அரசாங்கத்தைச் சாப்பிடுகிறவர்கள். யார் எந்த வகை என்று தீர்ப்பளிப்பது அவன் வேலை. வேறு வேலை அவனுக்கு அதிகம் இருந்ததில்லை. வசந்த காலத்தில் கார் இருக்கை தைக்கும் தொழிற்சாலை மூடப்பட்டு வெர்னா வீட்டுக்கு அனுப்பப்பட்டபோதும் அவன்தான் முதலில் தீர்ப்புச் சொன்னான். "நம்ம குடும்பத்துல யாரும் அரசாங்கத்துகிட்ட கையேந்தினதில்லக்கா. நீ ஆரம்பிச்சு வைக்காத." மேவிஸும் ஆமோதித்தாள். அக்காவின் வருமான வரிக் கணக்கை வருடாவருடம் அவன்தான் பார்த்துவந்தான். காகித வேலை ஆண்பிள்ளை வேலை என்பது அந்த வீட்டு வழக்கம்.

வெர்னா மானத்தோடு இருந்தாள். சேமிப்பு கரைந்தது. பிறகு கார் போனது. அந்தக் கோடையில் க்ளின்ட் ஒரு மோட்டார் படகு வாங்கினான். கர்த்தர் கொடுத்தார் என்றான்.

குளிர் தொடங்கி, வீட்டைச் சூடாக்க வழியில்லாத நிலையில், யாருக்கும் சொல்லாமல் வேலையில்லாதோர் உதவிக்கு விண்ணப்பித்தாள். தொலைபேசியில் பேசிய அலுவலகப் பெண், அவளுக்குரிய உதவித்தொகை முழுவதும் ஏற்கெனவே கொடுத்துத் தீர்ந்துவிட்டது என்றாள். வெர்னா வாங்கவில்லை என்றதும் அந்தக் குரல் இறுகியது. வாங்கிவிட்டு வாங்கவில்லை என்பதும் மோசடிதான் என்று நினைவூட்டியது. ரகசியக் கேள்விக்குச் சரியான பதில் தந்துதான் பணம் பெறப்பட்டிருக்கிறது: சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர், பட்டன்.

 பட்டனைக் குளிப்பாட்டியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். வெர்னா தம்பியிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

க்ளின்ட் மறுக்கவில்லை. "நீதான் வேணாம்னு சொல்லிட்டியேக்கா. வீணாப் போற பணம்தானே?" என்றான்.

ஆக, அந்த ஞாயிறு மேஜையில் பேரம் நடந்தது. வெர்னா பழியை ஏற்பது. க்ளின்ட் மாதாமாதம் அவளுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது. மாலையில் பாஸ்டர் டோல்சனும் வந்து மன்னிப்பின் மகிமையை விளக்கினார். இனி பல வருடங்களுக்குத் தனக்கு உதவி கிடைக்காதே, மோசடிக்காரி என்ற பெயரோடு யார் வேலை கொடுப்பார்கள் என்று வெர்னா கேட்டாள். அதை அவர் யோசித்திருக்கவில்லை. ஜெபித்துப் பார்க்கலாம் என்றார்.

"ஊர் என்னடி சொல்லும்?" என்றாள் மேவிஸ்.

"அரசாங்கத்துகிட்ட வாங்கினா அசிங்கம். என்கிட்ட திருடினா அசிங்கம் இல்லையாம்மா?"

மேவிஸ் அதற்குக் கோழியைச் சூடாக்க எழுந்து போனாள்.

மறுநாள் காலை வெர்னா காவல் நிலையத்துக்கு நடந்தே போனாள். தம்பியின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். எழுதிக்கொண்ட காவலர், சொந்தத் தம்பி மேலேயா என்று பேனாவை நிறுத்தினார். அவன் இவ்வளவு யோசிக்கவில்லை என்றாள் வெர்னா.

விசாரணை குளிர்காலத்தைத் தின்றது. அலுவலகம் அவளை நம்பிப் பணம் அனுப்பத் தொடங்கியபோது பனி உருகியிருந்தது. படகு பறிமுதலானது, க்ளின்ட் மேல் வழக்கு வந்தது. அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். தேவாலயத்தில் வெர்னா உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, நம் சகோதரன் ஒருவன் சோதனையில் இருக்கிறான், வக்கீல் செலவுக்குத் தாராளமாகக் கொடுங்கள் என்றார் பாஸ்டர். முன்வரிசையில் க்ளின்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கையேந்தாத ஊர் பையைத் திறந்தது. காணிக்கைத் தட்டு நிரம்பி வழிந்து வெர்னாவிடம் வந்தது.

பணம் தருமுன் அலுவலகம் வாராவாரம் அவளிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதை அவள் எழுந்து நின்று, சாதாரணக் குரலில் கேட்டாள்:

"இந்த வாரம் க்ளின்ட் எத்தனை எடத்துல வேலை தேடினான்னு விசாரிச்சீங்களா, பாஸ்டர்?"

ஆர்கன் வாசிக்கும் பெண் அவசரமாக அடுத்த பாட்டைத் தொடங்கினாள். வெர்னா தட்டைப் பக்கத்துக் காலி இருக்கையில் வைத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து பாடினாள். பாட்டு முடியும்வரை தட்டு அங்கேயே இருந்தது. அதை எடுக்க அந்த வரிசைக்குள் வர யாருக்கும் துணிவில்லை.