அடைக்கலமேரியின் வாக்குமூலம்

ஷர்லிக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. இரண்டும் சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கு. ஒன்று மும்பை, ஒன்று திருச்சி. ஒரே வாரத்தில் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தால் யாராவது ஒரு சித்தப்பா நடுவில் புகுந்து ஒன்றை முடித்து வைத்துவிட்டுப் போயிருப்பார். படிப்பு என்றால் மட்டும் இந்தச் சித்தப்பாக்கள் எங்கே போகிறார்களோ தெரியாது. அவளேதான் நோட்டில் நடுவே கோடு கிழித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எழுதிக்கொண்டிருந்தாள்.

திருச்சிப் பக்கம் சீக்கிரம் நிரம்பியது. பங்குச் சாமியாரின் கடிதத்தால் பாதிக் கட்டணம் தள்ளுபடி. காலை பஸ்ஸில் போனால் இரவுச் சாப்பாட்டுக்குச் சொந்த ஊரான ஆவூருக்குத் திரும்பிவிடலாம். அம்மா தனியாக இருக்க வேண்டாம். ஆனால் அங்கே அவளுக்குக் கிடைத்தது மனிதவளப் பிரிவு. இரண்டு வருஷம் சமூகப்பணி படித்துவிட்டு, ஏதோ ஒரு கம்பெனியில் தொழிலாளிகளின் லீவு லெட்டரை வாங்கி அடுக்கிவைக்கிற வேலைக்குப் போக வேண்டும். அந்த வேலையை நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

மும்பைப் பக்கம் அவளுக்குப் பிடித்த பிரிவு, குழந்தைகளும் குடும்பமும். பி.ஏ. முடித்துவிட்டு ஒரு வருஷம் விராலிமலைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போயிருந்தாள். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தி, கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட ஒரு பெண்ணை மறுபடி பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது அவள்தான். நேர்முகத்தில் அதைச் சொன்னதும் எதிரே இருந்த மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். படிப்பு, விடுதி, சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது என்றும் கடிதம் சொன்னது.

நோட்டில் எழுதாத ஒரு காரணமும் இருந்தது. வளைகுடாவில் காணாமல் போன தொழிலாளிகளைத் தேடித்தரும் ஓர் அமைப்பு மும்பையில் இருக்கிறது. அந்தக் கல்லூரி மாணவர்களை அங்கே களப்பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஷர்லியின் அப்பா சவரிமுத்து மஸ்கட்டில் காணாமல் போனவர்.

அவள் ஆறாவது படிக்கும்போது அவர் கொத்தனார் வேலைக்குப் போனார். எட்டாவது படிக்கும்போது போன் நின்றது, பணமும் நின்றது. அதற்கு இப்போது ஒன்பது வருஷம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருப்பார்கள், ஜெயிலில் போட்டிருப்பார்கள், ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் கிடப்பார் என்று அவள் மாற்றி மாற்றி நினைத்துக்கொள்வாள். எதுவாக இருந்தாலும் தேடினால் கிடைப்பார் என்பதுதான் அந்த நினைப்புகளின் முடிவு.

ஊருக்கோ சவரிமுத்து காணாமலே போகவில்லை. மாசாமாசம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். கிறிஸ்மஸுக்குச் சோப்பும் கோடாலித் தைலமும் அனுப்பினார். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடென்றால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெருவுக்குச் சோப்பு கொடுத்தாக வேண்டும். அம்மா அடைக்கலமேரி ஒரு வருஷமும் தவறியதில்லை. சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, டிசம்பரில் திருச்சிக்குப் போய் வெளிநாட்டுச் சாமான் கடையில் வாங்கி வருவாள். பத்தாவது படிக்கும்போது ஒரு சோப்பின் அடியில் ரூபாயில் விலை போட்ட ஸ்டிக்கரை ஷர்லி பார்த்தாள். தேங்காயெண்ணெய் தொட்டு நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வைத்தாள். அடுத்த வருஷம் அம்மா சோப்புப் பையைக் கொண்டுவந்து அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஸ்டிக்கர் சுரண்டுவது மகளின் வேலை. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்ற பேச்சை அம்மாவால் தாங்க முடியாது, அதற்காகத்தான் இந்தப் பாடு என்று ஷர்லி புரிந்துவைத்திருந்தாள்.

சிக்கல் அறக்கட்டளையின் விண்ணப்பத்தில் வந்தது. அப்பாவின் சம்பளச் சான்று வேண்டும். அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால், அம்மா கணவனால் கைவிடப்பட்டவர் என்று தாசில்தார் கொடுக்கும் சான்று. செத்திருந்தால்கூட ஒரே தாளில் வேலை முடிந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, ஷர்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். கூடவே, "அங்கன இருந்தா அப்பாவையும் தேடிப் பாக்கலாம்மா. அதுக்குன்னே ஆளுக இருக்காங்க" என்றும் சொன்னாள். அடைக்கலமேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் உப்பு, புளியைத் தவிர வேறு பேச்சில்லை. நான்காம் நாள் காலை, "எங்கிட்டுக் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். போட்டாள். "விசாரிக்க வருவாங்களா?"

"வி.ஏ.ஓ. வருவாரும்மா."

"வரட்டும்."

இ-சேவை மையத்தில் இருந்த தோழி அருணா மனுவைப் பதிந்துவிட்டு எச்சரித்து அனுப்பினாள். வியாழக்கிழமைக்குள் வி.ஏ.ஓ. அறிக்கை போட்டால்தான் திங்கட்கிழமை தாசில்தார் கையெழுத்தாகும். அறக்கட்டளைக்குத் திங்கள்தான் கடைசி. திருச்சிக் கல்லூரியும் முதல் தவணை கட்ட அதே வியாழக்கிழமை மாலை ஐந்து மணியைத்தான் குறித்திருந்தது. எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டது போல இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வி.ஏ.ஓ. குணசேகரன் வந்தார். அடைக்கலமேரி சத்துணவு மையத்தில் இருந்தாள். அவர் வீட்டுக்கு வருமுன்பே தெருவில் நான்கு வீடு விசாரித்திருந்தார். வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"என்னம்மா இது? ஊரே ஒரே பேச்சாச் சொல்லுது. மாசாமாசம் பணம் வருது, போன கிறிஸ்மஸுக்குச் சோப்பு வந்துச்சுங்கிறாங்க. எதுத்த வீட்டம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. நான் எப்படிம்மா கைவிடப்பட்டவருன்னு எழுதுறது?"

"அது பொய் சார்."

"ஊரெல்லாம் பொய் சொல்லுது, நீ ஒருத்திதான் உண்மையா? நாலு மணிக்கு வாரேன். ஒங்கம்மா வாயால சொல்லணும். சாட்சிக்கு ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். இல்லேன்னா மனுவ ரிஜெக்ட் பண்ணிருவேன்."

அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் ஷர்லி எதிர்வீட்டுக்குள் புகுந்தாள். பிச்சையம்மாள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அடைக்கலமேரிக்கு இருபது வருஷத்துச் சிநேகிதி. காய்ச்சலோ கருமாதியோ, இந்த வீட்டுக்கு முதலில் வரும் ஆள்.

"ஏன் பெரியம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்புடிச் சொல்றது?"

"ஒங்களுக்குத் தெரியாதா?"

பிச்சையம்மாள் கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். "எனக்கா தெரியாது? அந்தச் சோப்பு விக்கிற கடையில ஒங்காத்தாள நானே ரெண்டு தடவ பாத்துருக்கேன். பாத்துட்டு அங்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன். இந்தத் தெருவுல எல்லாத்துக்கும் தெரியும்டி. இத்தன வருசமா அவ எங்கிட்டச் சொல்லாத ஒண்ண, பைக்குல வந்த ஒரு ஆபீசர்கிட்ட நான் சொல்லவா? அவ சொல்லட்டும், நான் கையெழுத்துப் போடுறேன். அவ சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

ஷர்லிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. தெரு முழுக்க அம்மாவின் மானத்தைக் காப்பாற்றக் கட்டுப்பாடாகப் பொய் சொல்லியிருக்கிறது. அதில் தப்பு சொல்லவும் முடியாது. போன வருஷம் இவளே எத்தனை வீடுகளில் முப்பத்தாறு கேள்வி உள்ள படிவத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, "புருஷன் கூட இருக்காராம்மா?" என்று சர்வசாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். பதில் சொல்லாமல் முந்தானையை முறுக்கிய பெண்களை, ஒத்துழைக்க மறுக்கிறார் என்று எழுதியும் வைத்திருக்கிறாள். நினைத்தால் கூசியது.

நாலு மணிக்கு வி.ஏ.ஓ. வந்தபோது அடைக்கலமேரி அப்போதுதான் மையத்திலிருந்து திரும்பியிருந்தாள். கையில் வெங்காய வாடைகூடப் போகவில்லை. பிச்சையம்மாள் வந்தாள். பின்னாலேயே டீக்கடை செல்லமுத்துவும், இன்னும் நான்கைந்து பேரும் வந்து நின்றார்கள். குணசேகரன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஃபைலைப் பிரித்தார்.

"சொல்லுங்கம்மா. ஒங்க வீட்டுக்காரரு எங்க?"

அடைக்கலமேரி வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தது. ஷர்லியால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு படிப்புக்காகப் பெற்றவளை இப்படி நடுத்தெருவில் நிறுத்த வேண்டுமா? நோட்டாவது, கோடாவது.

"வேணாம் சார், விட்டுருங்க," என்றாள். "அப்பா பணம் அனுப்புறாங்க. நான்தான் தெரியாம மனு போட்டுட்டேன். திருச்சியிலயே சேந்துக்கிறேன்."

குணசேகரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளையாடுறியாம்மா? வேலை வெட்டி இல்லாமயா நான் ரெண்டு தடவ அலையுறேன்?" ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். வண்டி வரைக்கும் போய்விட்டார். கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அடைக்கலமேரி மகளைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை ஷர்லி அதுவரை கண்டதில்லை.

"ஏண்டி, நான் சொல்லத்தானே வாயத் தொறந்தேன்? ஒம்போது வருசமா இந்தத் தெருவு என் வாயப் பொத்துனது பத்தாதா? நீயும் பொத்துறியா?" பிறகு தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "சார், நில்லுங்க. இங்கிட்டு வாங்க. என் புருஷன் என்னை விட்டுட்டுப் போயி ஒம்போது வருசமாச்சு. ஒத்தப் பைசா அனுப்புனதில்ல. பிச்சையம்மாக்கா, வந்து கையெழுத்துப் போடுங்க."

பிச்சையம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். செல்லமுத்துவும் வந்தார். குணசேகரன் மறுபடி உட்கார்ந்தார். இப்போது அவர் குரல் தணிந்திருந்தது.

"நீ உள்ள போ," என்றாள் அம்மா ஷர்லியிடம். "போடி. பெரியவுக பேசிக்கிறோம்."

ஷர்லி உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி, இந்தப் பக்கம் அவள். ஜன்னல் கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு கேட்டது.

"கடைசியா எப்பப் பேசுனாரு?"

"நாலு வருசத்துக்கு முந்தி. ஒரு தடவ."

ஷர்லி சுவரில் கை வைத்தாள்.

"மஸ்கட்டுலேர்ந்தா?"

"இல்ல சார். திருப்பூர்லேர்ந்து. அவரு திரும்பி வந்து ரொம்ப நாளாச்சாம். அங்கன வேற குடும்பம். ரெண்டு பிள்ளைக. 'இங்கிட்டுத் தேடி வந்துறாத, நான் வரமாட்டேன்'னு சொல்றதுக்குத்தான் பேசுனாரு."

பேனா எழுதும் சத்தம் நின்றது. குணசேகரன் விசாரணைக்காகக் கேட்டாரா, மனசு கேட்காமல் கேட்டாரா தெரியாது. "பொண்ணைப் பத்தி ஏதும் விசாரிச்சாரா?"

"இல்ல," என்றாள் அடைக்கலமேரி. "சார், ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். திருப்பூரு, அந்தக் குடும்பம், இதெல்லாம் எழுதிராதீங்க. அந்தத் தாளப் பிள்ளைதான் கையில வாங்கும். அப்பன் எங்கியோ சிக்கிக்கிட்டான்னுதான் அது நெனச்சுக்கிட்டு இருக்கு. அப்புடியே நெனைக்கட்டும். அக்கா, நீங்க யாரும் அதுகிட்ட மூச்சு விடக்கூடாது."

"ஒம்பது வருசமா ஆதரவு இல்லைன்னு மட்டும் எழுதுறேம்மா," என்றார் குணசேகரன். "அது போதும்."

ஷர்லி அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். திருப்பூருக்கு நாலு மணி நேரம்கூட ஆகாது. விராலிமலையில் நின்றால் பஸ் கிடைக்கும். மஸ்கட்டில் ஜெயிலில் கிடந்த அப்பா, ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் கிடந்த அப்பா, அத்தனை பேரும் ஒரு நிமிஷத்தில் இல்லாமல் போய்விட்டார்கள். ஊருக்குப் பயந்த அம்மா என்று ஒருத்தி இருந்ததேயில்லை; அவள் பயந்தது இது மகளுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான்.

போனை எடுத்தாள். ஐந்தாக இன்னும் பத்து நிமிஷம். திருச்சிக் கல்லூரிக்குப் பணம் கட்டும் பக்கம் திறந்தே இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். தேட ஆள் இல்லாத மும்பைக்கு எதற்குப் போக வேண்டும், அம்மாவை இங்கே தனியாக விட்டுவிட்டு? விரல் திரைக்கு மேலே நின்றது. ஆனால் இப்போது திருச்சி என்று சொன்னால் அம்மாவுக்கு விளங்கிவிடும், மகள் சுவருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று. ஒன்பது வருஷம் பூட்டி வைத்துவிட்டு, அம்மா இன்றைக்கு ஊருக்கு முன்னால் வாயைத் திறந்தது எதற்காக? அவள் போக வேண்டும் என்பதற்காக. அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. ஷர்லி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஷர்லி, சாருக்குத் தண்ணி கொண்டா."

முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு சொம்போடு வெளியே வந்தாள். பிச்சையம்மாள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். குணசேகரன் தண்ணீரைக் குடித்துவிட்டு, திங்கட்கிழமை கிடைத்துவிடும் என்று சொல்லிக் கிளம்பினார். கூட்டம் கலைந்தது. அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். எதையோ தேடுகிற பார்வை.

"என்னம்மா கேட்டாரு?" என்றாள் ஷர்லி.

"கேட்டாரு, எங்க இருக்காருன்னு. தெரியலன்னு சொன்னேன்."

ஷர்லி சொம்பை எடுத்துக்கொண்டாள். குரல் பிசகாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரிம்மா. அங்கன போயி நான் தேடிப் பாக்குறேன்."