அழுத பிள்ளை

ஈரக் கரிசலில் வண்டி ஓட்டப் பொறுமை வேண்டும். சுதாராணிக்கு அன்றைக்கு அது துளிகூட இல்லை. ஓடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ஸ்கூட்டரின் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு வண்டி நின்றேவிட்டது. இறங்கினாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கீழே கிடந்த ஒரு வேலிக்கருவேலங் குச்சியை எடுத்து மண்ணைக் குத்திக் குத்தித் தள்ளினாள். தள்ளத் தள்ள உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. சனியன் பிடித்த மண் என்று வைதாள். வைதுகொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. சக்கரத்தில் மண் ஒட்டியதற்கு எந்தப் பொம்பளையாவது அழுவாளா? இரண்டு பக்கமும் மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு நின்றது, பார்க்க ஒரு ஆளும் இல்லை. அழுது முடித்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துவிட்டு, மறுபடியும் குச்சியை எடுத்தாள்.

விளாத்திகுளம் ரோட்டில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் ஒப்பந்த நர்ஸ். ஏழு வருசமாக ஒப்பந்தம்தான். காலையில் டாக்டர் கார்த்திகேசன் கூப்பிட்டு, ஒரு மாத்திரை அட்டையை மேசையில் தள்ளி வைத்தார்.

“சிஸ்டர், அந்த மாரிச்செல்வி வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. பிள்ள அழுதுச்சு, உசுரோடதான் பெறந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காளாம். பக்குவமா பேசி ஆளைத் தேத்துங்க. பால் வத்துற மாத்திரை இது.”

“அழத்தான சார் செஞ்சது.”

டாக்டர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. நோயாளிகளிடம் எரிந்து விழமாட்டார், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருவார். “ஏழு மாசப் பிள்ள. எப்படியும் தங்கியிருக்காது. நாளைக்குத் தூத்துக்குடியில கூட்டம். இந்த வருசம் நம்ம நம்பர் நல்லா இருக்கு, அதக் கெடுத்துராதீங்க” என்றார்.

நம்பர் என்றால் வேறொன்றும் இல்லை. ஆயிரம் பிள்ளை பிறந்தால் எத்தனை சாகிறது என்கிற கணக்கு. பிறந்து, மூச்சு விட்டு, அப்புறம் செத்தால் அந்தப் பிள்ளை அந்தக் கணக்கில் ஏறும். ஏறினால் கேள்வி வரும். சூடு கொடுக்கிற வார்மர் ஆடி மாசத்திலிருந்து ஏன் கெட்டுக் கிடக்கிறது, ஆம்புலன்ஸ் ஏன் பிந்தியது, டாக்டர் எங்கே போயிருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கிண்டுவார்கள். மூச்சே விடாமல் பிறந்தது என்றால் அது வேறு கட்டம். அந்தக் கட்டத்தை யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. எழுதுகிறவர் பேனாவைக் கொஞ்சம் தள்ளி அடுத்த கட்டத்தில் எழுதினால் போதும், ஒரு பிள்ளை வாழ்ந்ததே இல்லை என்று ஆகிவிடும். அந்த நம்பர் பொய் என்றும் சொல்வதற்கில்லை. சுதாராணியே அதற்காக நாயாக உழைத்திருக்கிறாள். நீலம் பாரித்துப் பிறந்து, அவள் தட்டித் தட்டி அழவைத்த பிள்ளைகள் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இப்போது ஓடி விளையாடுகின்றன. அந்தப் பெருமையெல்லாம் அவளுக்கும் உண்டு. அதனால்தான் வயிறு இன்னும் எரிந்தது.

முந்தாநாள் மத்தியானம் மாரிச்செல்வியை ஆடு ஏற்றுகிற லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். நல்ல மழை. புருசன் திருப்பதி நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நின்றான். பிரசவ அறையில் ஏற்றிப் படுக்க வைக்கவும் பிள்ளை வந்துவிட்டது. பொட்டப்பிள்ளை, ஒரு கையில் அடங்குகிற உருவம். எண்ணெய் போடாத கீல் மாதிரி மெல்லிசாக, ஆனால் விடாமல் அழுதது. ஓட்டுக்கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. மாரிச்செல்விக்கு ரத்தம் நிற்கவில்லை, அவளை ஆயா பார்த்துக்கொள்ள, சுதாராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினாள். வார்மர் செத்துக் கிடந்தது. வேறு வழி தெரியாமல் கோட்டைக் கழற்றி, ஜாக்கெட்டை அவிழ்த்து, பிள்ளையைத் தன் நெஞ்சோடு ஒட்டி வைத்து மேலே துணியைப் போர்த்தினாள். ஆம்புலன்ஸ் கயத்தாறு பக்கம் ஒரு விபத்துக்குப் போயிருந்தது, இந்தா வருகிறது, இந்தா வருகிறது என்றார்கள். அது வருவதற்குள் நெஞ்சின் மேல் இருந்த அசைவு நின்றுபோயிற்று.

போனில் டாக்டர் சொன்னதை அப்படியே திருப்பதியிடம் போய்ச் சொன்னவள் அவள்தான். “செத்துத்தான் பெறந்துச்சு தம்பி.” அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். பயம்தான், வேறென்ன.

திருப்பதியின் வீடு ஊருக்கு மேற்கே, முள்ளடைத்த ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அவனுடைய அண்ணன் பொண்டாட்டி பாலம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“வாங்க சிஸ்டர், நல்ல நேரத்துக்கு வந்திய. எங்க சொல்லு அவ காதுல ஏறல. நாளைக்குக் கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போயி மந்திரிக்கலாம்னு இருக்கோம். காத்துக் கருப்பு ஏதோ அண்டியிருக்கு.”

உள்ளே மாரிச்செல்வி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயசுக்காரி, முகம் மஞ்சளாக வெளுத்துக் கிடந்தது. சட்டை முன்பக்கம் பூராவும் நனைந்து ஒட்டியிருந்தது. மடியில் ஒரு எவர்சில்வர் தம்ளரை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பாலைப் பீய்ச்சினாள். யார் வந்தது என்று பார்த்தவள் கையை எடுக்கவில்லை.

“அக்கா, இன்னைக்கு மூணாம் நாளுலா. பிள்ளைக்குக் குழியில பால் ஊத்தணும். இவிய விடமாட்டேங்காவ.”

“செத்துப் பெறந்ததுக்கு யாராவது பால் ஊத்துவாவளாட்டி? ஊத்துனா அடுத்தது வயித்துல தங்காதுன்னு எத்தன தடவ சொல்லுதேன்” என்றாள் பாலம்மாள். அவளும் இந்த மூன்று நாளாகச் சரியாகத் தூங்கியவள் இல்லை, குரலே தேய்ந்திருந்தது.

திருப்பதி நிலைப்படிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஆடுகளை இன்னும் மேய்ச்சலுக்குப் பத்தவில்லை. பட்டிக்குள் நின்று அவை பசியில் கத்துவது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

சுதாராணி மாரிச்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்து, எடுத்த கையோடு என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் இருந்தன. மயக்கத்தில் அப்படித் தோன்றும், பக்கத்து வார்டுப் பிள்ளையின் சத்தமாக இருக்கும். பக்கத்து வார்டே கிடையாது என்பது இவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

மாரிச்செல்வி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. அழலன்னு உங்க வாயால சொல்லுங்க, நான் மாத்திரைய முழுங்கிட்டுப் படுத்துக்கிடுதேன். எனக்குப் புத்தி பேதலிச்சுட்டுன்னு ஒத்துக்கிடுதேன். கோடாங்கிகிட்டயும் வாரேன். அழுதுச்சா, அழலையா?”

பைக்குள் போன் அதிர்ந்தது. டாக்டராகத்தான் இருக்கும். வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது, பிள்ளைகள் பீஸுக்கு யார் வாசலில் போய் நிற்பது என்று மனசு ஒரு பக்கம் கிடந்து அடித்துக்கொண்டது. ‘அழல’ என்பதற்கு மூன்று எழுத்துதான். நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

“அழுதுச்சு மாரி.”

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. “நல்லாவே அழுதுச்சு. கொஞ்ச நேரம் உசுரோட இருந்துச்சு. வார்மர் வேல செய்யல. என் நெஞ்சுலதான் வச்சிருந்தேன். அங்கனதான் அடங்குச்சு. நான்தான் பொய் சொன்னேன். யாரு சொல்லச் சொன்னாலும் சொன்னது நான்தான்.”

பாலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடி விழும், மயிரைப் பிடித்து இழுப்பார்கள் என்றுதான் சுதாராணி எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாரிச்செல்வி பெரிதாக ஒரு மூச்சை விட்டாள், அவ்வளவுதான். பாலம்மாளைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். “கேட்டியளா? நான் சொன்னேன்லா?” என்றாள். ஏதோ ஜெயித்தவள் மாதிரி அந்த முகத்தில் ஒரு கணம் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

திருப்பதி எழுந்து உள்ளே வந்தான். எழுந்தவனுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை, நடு வீட்டில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

“நான் மூஞ்சியப் பாக்கல சிஸ்டர்” என்றான்.

தரையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னான்.

“செத்துப் பெறந்த பிள்ள மூஞ்சியப் பெத்தவன் பாக்கக்கூடாதுன்னு எங்கள்ல ஒரு வழக்கம். அண்ணன் துணிய வெலக்கிராதலேன்னு சொல்லித்தான் கையில குடுத்தான். புஞ்சையில போயி குழியில எறக்கையில காத்து துணிய வெலக்குச்சு. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன். கண்ண மூடிக்கிட்டே மண்ணத் தள்ளுனேன். உசுரு இருந்த பிள்ளன்னு தெரிஞ்சிருந்தா பாத்திருப்பேனே சிஸ்டர். நல்லாப் பாத்திருப்பேனே.”

“எனக்கும்தான் காட்டல” என்றாள் மாரிச்செல்வி. கோபம் இல்லை, குறை சொல்கிற குரலும் இல்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “நீங்க பாத்திருப்பியள்லாக்கா? யாரு சாடை?”

சுதாராணி கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். உதடு நீலமாக இருந்தது ஞாபகம் வந்தது. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போனது, மூக்கு விடைத்தது, சளியை உறிஞ்சி எடுத்தது, எடை முள் நின்ற இடம், எல்லாம் வந்தன. அப்புறம் துணியைப் போர்த்தி நெஞ்சில் வைத்துவிட்டாள். தாடைக்குக் கீழே உச்சந்தலை ஈரமாக இடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணெல்லாம் ஜன்னல் வழியே ரோட்டில் இருந்தது, ஆம்புலன்ஸ் வருகிறதா, வருகிறதா என்று. அடங்கியதும் துணியை இழுத்து மூடினாள். நிறத்தைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றவள் பார்க்கவில்லை, பெற்றவன் பார்க்கவில்லை, தானும் பார்க்கவில்லை என்றால் இந்த உலகத்தில் அந்தப் பிள்ளையை யாருமே பார்க்கவில்லை.

“சொல்லுங்கக்கா. என்னைய மாதிரியா, அவியள மாதிரியா?”

பாலம்மாளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திருப்பதி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தான். தாடையில் காய்ந்திருந்த மண் போகவில்லை, எச்சில் தொட்டுத் தேய்த்தான். பிறகு சுதாராணி பார்ப்பதற்கு வாகாக வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிக்கொண்டு, அசையாமல் இருந்தான்.